காற்பந்துக் குழுவிடம் வாங்கிய இரவல் சட்டம்

எங்கள் குடியிருப்பின் மின்தூக்கியில் சவப்பெட்டி நுழையாது. எங்கள் மலேசியத் தீவில், ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பத்து மாடிக் கட்டடம் அது. கட்டியவர்கள் பீரோ நுழையுமா, மெத்தை நுழையுமா என்றெல்லாம் அளந்து பார்த்திருக்கிறார்கள். இங்கே குடியிருப்பவர்கள் ஒருநாள் சாகவும் செய்வார்கள் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை போலும். கீழேதான் பொதுக்கூடம் இருக்கிறதே, உடலை அங்கே கிடத்தலாமே என்று வெளியாட்கள் கேட்பார்கள். வாழ்ந்த வீட்டு வாசலிலிருந்துதான் கடைசிப் பயணம் புறப்பட வேண்டும் என்பதில் எங்கள் ஆட்களுக்கு அப்படியொரு பிடிவாதம். ஆகவே பெட்டி வெறுமனே மேலே ஏறி, ஆளோடு கீழே இறங்க வேண்டும். மாடிப்படிதான் வழி.

ஒரு தளம் இறங்க இரண்டு திருப்பங்கள். திருப்பத்தில் மேல்படியில் நிற்பவர்கள் பெட்டியை முழங்கால் வரை தாழ்த்த வேண்டும், கீழ்ப்படியில் நிற்பவர்கள் தோளுக்கு மேல் தூக்க வேண்டும், சுவரோரம் இருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டி நிற்க வேண்டும். எட்டுப் பேர் வேண்டும், அதுவும் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்கிற எட்டுப் பேர். நாங்கள் இங்கே குடிவந்த புதிதில் ஒரு பெட்டி மூன்றாம் மாடித் திருப்பத்தில் சிக்கி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் அரைமணி நேரம் நின்றதாம். அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் எங்கள் ஈமச் சங்கம். சாவு விழுந்த வீட்டுக்குச் சங்கம் கூடாரம் போடும், நாற்காலி கொண்டுவரும், வண்டிக்குச் சொல்லும். முக்கியமாக, உறுப்பினர் வீடு ஒவ்வொன்றும் ஒரு தோள் கொடுக்கும்.

அப்பா தொடக்க கால உறுப்பினர். அவர் காலமானபோது ஆறாம் மாடியிலிருந்து ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கினார்கள். அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்துச் சங்கத்தின் புதிய உறுப்பினர் பட்டியல் வாட்ஸாப் குழுவில் வந்ததாக எதிர்வீட்டு அண்ணன் காட்டினார். அதில் எங்கள் வீட்டு எண் இல்லை. உறுப்பினராக ஆண்கள் மட்டுமே இருக்கலாம் என்பது ஐந்தாம் பிரிவு. அப்பா போய்விட்டார், எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, நான் கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை. மிச்சம் இருப்பது எழுபத்தெட்டு வயது அம்மாவும் நானும்தான்.

அம்மா அதிகம் பேசுகிறவர் அல்ல. பட்டியலைப் பற்றிச் சொன்னதும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், “அப்போ என்னை யாரு தூக்குவா?” என்று கேட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

என் தொழிலை இங்கே சொல்லியாக வேண்டும். நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ மாணவர்களுக்குப் பொதுக்கல்விப் பாடம் எடுக்கிற ஆசிரியை. ஆண்டுதோறும் முதல் பருவத்தில் அரசியலமைப்பின் வகைகள் வரும். எழுதப்பட்டது, எழுதப்படாதது. எளிதில் வளைவது, எளிதில் வளையாதது. கூட்டரசு முறை, ஒற்றையாட்சி முறை. வெண்பலகையில் கோடு கிழித்து இந்தப் பக்கம் பிரிட்டன், அந்தப் பக்கம் மலேசியா என்று எழுதுவேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி படம் பிடித்துக்கொள்வார்கள். மலாயில் நாட்டின் அரசியலமைப்புக்கும் பெர்லெம்பாகான் என்றுதான் பெயர், பதிவு பெற்ற ஒரு சின்னச் சங்கத்தின் சட்டத்துக்கும் பெர்லெம்பாகான் என்றுதான் பெயர். இத்தனை ஆண்டுகள் முன்னதைக் கற்பித்தவள் பின்னதை ஒருநாளும் வாசித்ததில்லை.

சங்கத்தின் தலைவர் ஐந்தாம் மாடிக்காரர். முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், அப்பாவின் நண்பர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். நிறுத்தம் இல்லாத இடத்தில் தன் சொந்த மனைவி கை காட்டியும் பேருந்தை நிறுத்தாமல் போனவர் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்த அத்தையே சிரித்துக்கொண்டு அதை உறுதிப்படுத்துவார். நேரே அவரிடம் போனேன்.

“நீ ஏன்மா கவலைப்படுற? உங்கம்மாவுக்கு ஒண்ணுன்னா நாங்க வராம இருப்பமா? சொல்லவா வேணும் லா?” என்றார்.

“யாரு மாமா வருவா?”

“நான் வருவேன். நான் கூப்புட்டா பசங்க வருவாங்க.”

“நீங்க இல்லாதப்போ?”

அவரைக் காயப்படுத்த அப்படிக் கேட்கவில்லை, ஆனாலும் கேட்ட விதம் காயப்படுத்துகிற விதம்தான். எனக்கு வேண்டியது அவருடைய நல்ல மனம் அல்ல. நல்ல மனம் ஒரு மனிதரோடு வரும், அவரோடு போய்விடும். சட்டத்தின் ஆட்சி, மனிதரின் ஆட்சி என்று நான் வகுப்பில் பிரித்துச் சொல்வதன் பொருள் எனக்கே அன்று அவர் வீட்டு வரவேற்பறையில்தான் சரியாகப் புரிந்தது. தயவில் தூக்கப்படுவதற்கு அம்மா என்ன குற்றம் செய்தார் என்று எனக்குள் ஒரு கோபம் கிளம்பியது.

“அப்போ என்னை உறுப்பினரா சேர்த்துக்குங்க.”

“சட்டத்துல இடமில்ல. அதோட, படியில பொம்பளைங்க தூக்கி, கை நழுவிட்டா என்ன செய்யறது? இது விளையாட்டு இல்ல.”

“சட்டத்த மாத்துங்க.”

“நான் மாத்த முடியாது. பொதுக்கூட்டம் மாத்தணும். மாத்துனா மாத்தட்டும். நான் வேணாம்னுதான் கை தூக்குவேன், இப்பவே சொல்லிட்டேன்.”

சட்டத்தின் நகல் ஒன்றைக் கேட்டேன். எழுந்து போய் ஒரு பழைய கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தட்டச்சு செய்யப்பட்ட ஏழு தாள்கள், மலாயில். வீட்டுக்கு வந்து ஆசிரியப் புத்தியோடு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாசிக்க வாசிக்க எங்கேயோ இடித்தது. பதினான்காம் பிரிவு, ஒரு பருவத்தில் உறுப்பினர் வேறு எந்தக் குழுவிலும் இறங்கக் கூடாது என்றது. சாவுக்கு ஏது பருவம்? பதினாறாம் பிரிவு, காயமடைந்தவருக்குப் பதில் மாற்று ஆளை இறக்கலாம் என்றது. தாளில் சில இடங்கள் திட்டுத் திட்டாக வெள்ளை மை பூசித் திருத்தப்பட்டிருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் தாளைப் பிடித்தேன். வெள்ளை மைக்கு அடியில் ‘போலா செப்பாக்’ என்று இருந்தது. காற்பந்து.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விசாரித்ததில், பதிவு செய்ய ஒரு சட்டம் வேண்டும் என்றதும், யாருக்கும் எழுதத் தெரியாமல், அக்கம்பக்கத்தில் இருந்த ஒரு காற்பந்துக் குழுவின் சட்டத்தை வாங்கி, காற்பந்து வந்த இடங்களில் எல்லாம் ஈமக் காரியம் என்று அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். ஆண்கள் மட்டும் என்ற ஐந்தாம் பிரிவும் அதோடு வந்து சேர்ந்ததுதான். நாற்பது குடும்பங்கள் மூதாதையர் வழக்கம் என்று நினைத்துப் போற்றியது ஒரு காற்பந்துக் குழுவின் ஆட்டக்காரர் பட்டியல் நிபந்தனை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த இரவல் சட்டத்தை எங்கள் ஆட்கள் சும்மா வைத்திருக்கவில்லை. பருவம் என்பதை ஓராண்டு என்று எடுத்துக்கொண்டு, ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு ஈமச் சங்கங்களில் இருக்கக் கூடாது என்று தீர்த்திருந்தார்கள். காயம் என்பதை இடுப்புவலி, குடலிறக்கம், ஷிப்ட் வேலை என்று விரித்திருந்தார்கள். மாற்று ஆளை இறக்கும் உரிமையில் அண்ணனுக்குப் பதில் தம்பி வந்து தூக்குவது வழக்கமாகியிருந்தது. நீதிமன்றங்கள் பழைய சட்டச் சொற்களுக்குப் புதிய பொருள் காண்பதைப் பற்றி நான் பாடத்தில் இரண்டு பக்கம் எழுத வைப்பேன். ஏட்டில் இருப்பதும் நடப்பில் இருப்பதும் சேர்ந்ததுதான் அரசியலமைப்பு என்பதை இந்தப் படிக்கட்டுக்காரர்கள் எந்தப் பாடமும் படிக்காமல் செய்து காட்டியிருந்தார்கள்.

தாளைத் தலைவரிடம் காட்டினேன். அவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“எங்கேருந்து வந்தா என்னம்மா? பதிவாயிடுச்சு. இதுதான் நம்ம சட்டம். மாத்தற வழியும் இதுலயே இருக்கு, படிச்சியா?”

படித்திருந்தேன். மொத்த உறுப்பினர் நாற்பத்திரண்டு பேரில் பாதிப் பேர் வந்தால்தான் கூட்டம் கூட்டமாகும். வராவிட்டால் கூட்டத்தைத் தள்ளிப்போட வேண்டும். தள்ளிப்போட்ட கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தாலும் நடத்தலாம், ஆனால் அதில் சட்டத்தைத் திருத்த முடியாது. திருத்துவதற்கு, கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். எங்கள் தளத்தில் குடியிருக்கும், சமையல் ஒப்பந்தம் எடுக்கும் ஒரு தம்பி, உறுப்பினர் என்ற முறையில் எனக்காகத் தீர்மானம் எழுதிக் கொடுத்தான். எதிர்வீட்டு அண்ணன் வழிமொழிந்தார்.

முதல் கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள். பாதிப் பேர் தீவைவிட்டுப் பாலத்துக்கு அந்தப்புறம் பெருநிலத்துக்குக் குடிபோய்விட்டார்கள், மீதிப் பேருக்கு வேலை, அதுவும் இல்லாதவர்களுக்குத் தொலைக்காட்சியில் ஆட்டம். அரைமணி நேரம் காத்திருந்து கலைந்தோம். தள்ளிப்போட்ட கூட்டத்துக்கு ஒன்பது பேர். அதில் கணக்கைப் படித்தார்கள், தேநீர் குடித்தார்கள். மறு ஆண்டு பதின்மூன்று பேர். கூட்டத்தில் பேச எனக்கு உரிமை கிடையாது, உறுப்பினர் அல்லவே. வாசலில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு நான் செய்த காரியத்தை எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது. நாற்காலியை மடித்துக்கொண்டிருந்த தலைவரிடம் போய், “மாமா, வருகைப் பதிவுல இருபத்தொரு பேர்னு எழுதிக்கலாமே? யாரு கேக்கப் போறா?” என்றேன்.

அவர் நாற்காலியைக் கீழே வைத்தார். “நீ டீச்சர்தான?” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். ஆள்பவரின் அதிகாரத்துக்கு எல்லை வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிப் போயிருக்கிறது. ஒரு மனிதர் தன்னிடம் இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று என் கண்முன்னால் நின்றபோது எனக்கு வந்ததோ ஆத்திரம். எல்லை மற்றவர்களைக் கட்டும்போது கொள்கை, என்னைக் கட்டும்போது தொந்தரவு. இதை நான் அறிந்துகொண்டது நல்லதுதான், ஆனாலும் அறிந்துகொண்ட விதம் பிடிக்கவில்லை.

பிறகு அத்தை இறந்துபோனார். தலைவரின் மனைவி. ஒரு வாரம் காய்ச்சல் என்று படுத்தவர், எழுந்திருக்கவில்லை. செய்தி காலையில் குழுவில் வந்தது. மறுநாள் மதியம் எடுப்பதாகச் சொன்னார்கள்.

பாலத்தைக் கடந்து வண்டி வண்டியாக வந்தார்கள். கூட்டத்துக்கு எட்டிப் பார்க்காதவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஐந்தாம் மாடி நடைபாதை நிறைந்து, படியெல்லாம் ஆட்கள். அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்ப் பெட்டியருகே உட்கார வைத்துவிட்டு நான் சுவரோரம் நின்றேன். அத்தை எனக்குச் சின்ன வயதில் தலைவாரிப் பின்னிவிட்டவர். நிஜமாகவே அழுதுகொண்டுதான் இருந்தேன். அழுதுகொண்டே எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று உறுப்பினர் தலைகளை எண்ணினேன். முப்பத்தொன்று. பெட்டி திருப்பத்தில் இறங்கி மறையும்போது என் மனத்தில் அந்த எண்தான் இருந்தது.

அன்றிரவே தோன்றிவிட்டது. இந்த ஆட்களைப் பாதிக்கு மேல் ஓரிடத்தில் பார்க்க ஒரே வழி சாவுதான். சாவுக்கு முன்னறிவிப்புக் கொடுக்க முடியாது. ஆனால் சாவுக்குப் பின்னால் பதினாறாம் நாள் காரியம் உண்டு, அதற்கும் எல்லாரும் வருவார்கள், சாப்பாடும் உண்டு. சட்டம் கேட்பது பதினான்கு நாள். விரலை மடக்கிப் பார்த்தேன். நாளைக்குள் அறிவிப்புப் போனால், அந்த நாளையும் கூட்ட நாளையும் சேர்த்துச் சரியாக இருக்கும். நாளை மறுநாள் என்றால் ஒரு நாள் குறையும்.

காலையில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

“அவ சாம்பல் இன்னும் ஆறல. நீ ஓட்டுக் கேக்கப் போறியா?”

“உங்களுக்காகத்தாம்மா.”

“எனக்காகன்னு சொல்லாத. நான் உங்கிட்ட கூட்டம் போடச் சொல்லல.”

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தும் போனேன். சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு அவர் வீடு திரும்பியிருந்தார். வேட்டியின் கீழ்ப்பக்கம் இன்னும் ஈரம். எதிரே உட்கார்ந்தேன். அத்தையின் படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டே, காப்பி குடித்துவிட்டுப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். நிஜமாகவே முடிவு செய்துவிட்டேன்.

“நேத்து எத்தன பேரு வந்தாங்கன்னு எண்ணுனியா?” என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“முப்பத்தோரு பேரு,” என்றார். “நானும் எண்ணுனேன்.”

எழுந்து போய் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு அவரே பேசினார். “தீர்மானம் நிக்குது. ஓட்டுக்கு விடாம எத்தன வருஷம் வெச்சிருக்கிறது? அது நான் செய்யற தப்பாயிடும். அவ இருந்தா, பசிச்ச நேரத்துல கூட்டம் வைக்காதீங்கன்னு திட்டுவா. பரவால்ல.” கைப்பேசியை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, பதினாறாம் நாள் பொதுக்கூடத்தில் சிறப்புப் பொதுக்கூட்டம், பொருள் ஐந்தாம் பிரிவைத் திருத்துவது என்று குழுவில் அனுப்பினார். அனுப்பிவிட்டு, “நான் வேணாம்னுதான் கை தூக்குவேன்,” என்று மறுபடியும் சொன்னார்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து ஐயர் புறப்பட்டதும், சாப்பாட்டுக்கு முன்னால் கூட்டம் என்று தலைவர் அறிவித்தார். சாப்பிட்டால் ஒருவரும் நிற்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் செய்த ஒரே சூழ்ச்சி அதுதான். சாம்பார் மணம் கூடம் முழுக்க நிறைந்திருந்தது. உறுப்பினர் முப்பத்து மூன்று பேர். நான் பின்னால் பெண்களோடு இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தலைவர் முதலில் அந்தத் தாளை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அதை அவர் காட்ட வேண்டிய தேவையே இல்லை. “இந்த அஞ்சாம் பிரிவு நம்ம பெரியவங்க போட்டதுன்னு நானும் நெனச்சிட்டிருந்தேன். இல்ல. பந்து விளையாடற பசங்களோட சட்டம். நம்மாளுங்க காப்பி அடிச்சிருக்காங்க. தெரிஞ்சுக்கிட்டு ஓட்டுப் போடுங்க,” என்றார். துக்க வீடு என்பதை மறந்து கூடம் சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார்.

பிறகு வாதம். ஒருவர் எழுந்து, பெண்கள் பெட்டி தூக்குவது வழக்கமில்லை என்றார். இன்னொருவர், உன் வீட்டில் இரண்டும் பெண்பிள்ளைகள்தானே, நீ போன பிறகு உன் சம்சாரத்தை யார் இறக்குவார்கள் என்று கேட்டார். முதலில் எழுந்தவர் உட்கார்ந்துகொண்டார். படியில் தவறினால் என்ன செய்வது என்ற கேள்வி மறுபடியும் வந்தது. எனக்கு வாய் துறுதுறுத்தது. பேச உரிமையில்லை. நாட்டின் அரசியலமைப்பிலேயே எட்டாம் பிரிவில் பாலினம் என்ற சொல் பிற்காலத்தில் திருத்தமாகத்தான் நுழைந்தது என்று எழுந்து சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. அதுவரை அந்தச் சொல் அங்கே இல்லாமல்தான் நாடு நடந்தது. இலையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார். எண்ணினார். இருபத்தொன்று. முப்பத்து மூன்றில் மூன்றில் இரண்டு பங்கு இருபத்திரண்டு. ஒன்று குறைகிறது. என் கை இலையோடு நின்றுவிட்டது. இரண்டு ஆண்டு, ஒரு சாவு, எல்லாம் ஒரு கையில் போயிற்று என்று நினைத்தேன்.

தலைவர் மறுபடியும் எண்ணினார். அவர் கண் வரிசை வரிசையாகப் போய், கூடத்துக்கு வெளியே சமையல் நடந்த பக்கம் நின்றது.

“தூணுக்குப் பின்னால யாரு? கரண்டி மட்டும் தெரியுது.”

தீர்மானத்தைக் கொண்டுவந்த சமையல்காரத் தம்பியேதான். சாம்பார் அடிப்பிடிக்குமே என்று கிண்டிக்கொண்டே, கரண்டியோடு கையைத் தூக்கியிருக்கிறான்.

“கரண்டிய வெச்சிட்டு கையத் தூக்கு லா, ஒழுங்கா.”

தூக்கினான். “இருபத்திரண்டு,” என்றார் தலைவர். எதிர்ப்பவர்கள் என்று கேட்டு, முதலில் தன் கையைத் தூக்கினார். எட்டுப் பேர். மூன்று பேர் எந்தப் பக்கமும் இல்லை. அவர் அந்தத் தூணின் பக்கம் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்க்கவில்லை என்று யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், என்னையும் சேர்த்து. தன்னைத் தோற்கடிக்கிற கையைத் தானே தேடிக் கண்டுபிடித்து, “தீர்மானம் நிறைவேறுச்சு. சாப்பிடப் போங்க,” என்று சொன்னார். அவருக்குப் பரிமாறும்போது என் கண்ணீர் இலையில் விழாமல் பார்த்துக்கொண்டேன். இத்தனை காலம் நான் பாடம் நடத்திய எந்த நாட்டின் அரசியலமைப்பும் எனக்கு அப்படியொரு மரியாதையை உண்டாக்கியதில்லை.

திருத்தத்தைச் சங்கங்களின் பதிவகம் ஏற்றுக்கொண்ட கடிதம் சில வாரங்களில் வந்தது. நானும் உறுப்பினரானேன். வீட்டு எண் பட்டியலில் ஏறியது. அம்மாவிடம் கைப்பேசியைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, “ம்,” என்றார். பிரச்சினை தீர்ந்தது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு சனிக்கிழமை காலை தலைவர் அழைத்தார். எங்கள் கட்டடத்தைப் போலவே கட்டிய பக்கத்துக் கட்டடத்தில், நான்காம் மாடியில், ஒரு பழைய உறுப்பினர் தவறிவிட்டார். பதினோரு மணிக்கு எடுக்கிறார்கள்.

“உன் முறை வருது. மாத்து ஆளு அனுப்பணும்னா இப்பவே சொல்லிடு. பதினாறாம் பிரிவுல இடமிருக்கு.”

சத்தியமாக எனக்கு அந்த யோசனையே வந்ததில்லை. அம்மாவுக்குத் தோள் வேண்டும், தோள் வேண்டும் என்று இரண்டு ஆண்டு அலைந்தவளுக்கு, பட்டியலில் ஏறினால் தன் தோளையும் கேட்பார்கள் என்பது உறைக்கவேயில்லை. உரிமையும் கடமையும் என்று தனி அத்தியாயமே நடத்துகிறவள் நான். பயமாக இருந்தது. சமையல்காரத் தம்பியின் அண்ணனை அனுப்பலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். “நானே வர்றேன் மாமா,” என்றேன்.

பழைய கால்சட்டையும் ரப்பர் காலணியும் போட்டுக்கொண்டு போனேன். பெட்டியைச் சுற்றி ஏழு ஆண்கள் நின்றார்கள். எட்டாவது இடத்தில் நான் போய் நின்றதும், இறந்தவர் வீட்டு உறவினர் ஒருவர், “அக்கா, நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க,” என்றார்.

“அவங்க உறுப்பினர்,” என்றார் தலைவர் வாசலிலிருந்து. “எடம் விடுங்க.”

இடது பக்கம், கடைசிக்கு முந்தியது என் இடம். தூக்கியபோது பெட்டி நான் நினைத்ததைவிட மூன்று மடங்கு கனம். முதல் திருப்பத்திலேயே கைப்பிடி உள்ளங்கையை அறுத்தது. “மேல தாழ்த்து, கீழ ஏத்து, சுவரு, சுவரு,” என்று தலைவர் முன்னால் பின்னடி வைத்து இறங்கிக்கொண்டே குரல் கொடுத்தார். மூன்றாம் மாடியில் என் கால் ஒரு படி வழுக்கியது. பின்னால் இருந்தவர் பாரத்தை ஒரு கணம் தன் பக்கம் வாங்கி, நான் நிலைத்ததும் திருப்பிக் கொடுத்தார். அவர் அன்று என்னை எதிர்த்துக் கை தூக்கிய எட்டுப் பேரில் ஒருவர். எட்டுத் திருப்பங்களையும் கடந்து பெட்டியை வண்டியில் வைத்தோம். யாரும் பாராட்டவில்லை. வந்திருந்தவர் பட்டியலில் தலைவர் என் வீட்டு எண்ணுக்கு நேரே ஒரு குறி போட்டார்.

வீட்டுக்கு வந்தேன். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளிக்காமல் உள்ளே நுழையக் கூடாது என்று அம்மா குளியலறைக் கதவைத் திறந்து வைத்து, துண்டும் மாற்றுத் துணியும் எடுத்து வைத்திருந்தார். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அம்மா தைல டப்பாவோடு பக்கத்தில் வந்து, என் சட்டைக் கழுத்தை விலக்கி, சிவந்திருந்த தோளைப் பார்த்தார். தைலத்தைத் தொட்டுத் தேய்த்தார். அவர் விரல்கள் எவ்வளவு மெலிந்துவிட்டன என்று அப்போதுதான் கவனித்தேன்.

“ரொம்ப கனமா இருந்துச்சா?”

“ஆமாம்மா.”

கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“நான் அவ்ளோ கனம் இருக்க மாட்டேன்,” என்றார்.